லாரியின் டீசல் பில்டரை நாமே மாற்றலாம், ஏர் எடுக்கத் தெரிந்தால்

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகிற வழியில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளை வரிசையாகத் தாண்ட வேண்டும். வண்டியின் இழுவையைச் சோதித்துப் பார்க்க டெல்டாவில் மலைப்பாதை ஏது, பாலம் ஏறுவதுதான் நமக்கு மலை. நேற்று வரை லோடோடு மூன்றாவது கியரில் ஏறின பாலத்தை இன்றைக்கு இரண்டாவதில் முக்கி முனகி ஏறுகிறது, ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தாலும் ஒரு கட்டத்துக்கு மேல் போக மாட்டேன் என்கிறது, புகையும் பெரிதாக இல்லை. இப்படி இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது டீசல் பில்டரைத்தான்.

புகையைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பில்டர் அடைத்துக்கொண்டால் இன்ஜினுக்கு வர வேண்டிய டீசல் குறையும், அதனால் வலுதான் போகுமே தவிர கரும்புகை வராது. இழுவையும் இல்லை, பின்னால் வருகிறவர் முகத்தில் கரி பூசுகிற மாதிரி புகையும் தள்ளுகிறது என்றால் ஏர் கிளீனர் அடைப்போ, டர்போ ஹோஸ் கிழிசலோ, இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கிற நாசிலின் கோளாறோ இருக்கும். அதற்கு டீசல் பில்டரை மாற்றிக் காசை வீணாக்க வேண்டாம். காலையில் நாலைந்து தடவை செல்ப் அடித்தால்தான் பிடிக்கிறது, ஐடிலிங்கில் ஏறி இறங்கி ஊஞ்சலாடுகிறது, ஓடும்போதே தும்மினாற்போல் வெட்டுகிறது என்றால் அடைப்பாகவும் இருக்கலாம், எங்கேயாவது காற்று இழுப்பதாகவும் இருக்கலாம். அதைப் பிரித்துக் கண்டுபிடிப்பதைப் பின்னால் சொல்கிறேன், நான் பட்டுத் தெரிந்துகொண்டது அது.

நம் பக்கம் பில்டர் சீக்கிரம் கெடுவதற்கு முதல் காரணம் தண்ணீர். தை மாதம் சம்பா அறுவடை சமயத்தில் நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் வண்டிகள் வரிசையில் நிற்கும், சில நேரம் நாள்கணக்கில். பாதி டேங்க் டீசல், மீதிப் பாதி காற்று. பகலில் வெயிலில் தகரம் சூடாகிறது, ராத்திரி பனி இறங்கி டேங்க் குளிர்கிறது, உள்ளே இருக்கிற காற்றின் ஈரம் தகரத்தின் உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்து வழிந்து அடியில் போய்த் தங்குகிறது. தண்ணீர் டீசலை விடக் கனம், அதனால் அது எப்போதும் அடியில்தான் கிடக்கும், உறிஞ்சுகிற குழாயும் அடியில்தான் இருக்கிறது. நெல்லுக்கு 17 சதவீத ஈரப்பதம் என்று மீட்டர் வைத்துப் பார்க்கிற இடத்திலேயே நிற்கிறோம், நம் டேங்கில் எவ்வளவு ஈரம் என்று யாரும் பார்ப்பதில்லை.

இரண்டாவது காரணம் சுணையும் கேனும். களத்திலேயோ வயல் ஓரத்திலேயோ மூடியைத் திறந்து கேனிலிருந்து ஊற்றுகிறோம், பக்கத்தில் அறுவடை மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, காற்றில் பறக்கிற சுணை முழுக்க புனலில்தான் வந்து விழும். தண்ணீரும் டீசலும் சேர்கிற இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுப்பாக, வழுவழுவென்று பாசி மாதிரி ஒன்று படியும். அது பில்டரில் வந்து ஒட்டினால் புதுப் பில்டர்கூட சில நாளில் அடைத்துவிடும். பில்டர் மாற்றினோம், பத்து நாளில் மறுபடியும் இழுவை போய்விட்டது என்று புலம்புகிறவர்கள் பில்டர் கடைக்காரரைத் திட்டுவதற்கு முன்னால் டேங்குக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது.

சரி, உங்கள் வண்டியில் என்ன இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பழைய வண்டி, அதாவது டீசலை அழுத்தி நாசில்களுக்கு அனுப்புகிற, பக்கவாட்டில் வரிசையாக டெலிவரி பைப் போகிற எஃப்.ஐ. பம்பு வைத்தது என்றால், இன்ஜின் ஓரத்தில் பெரும்பாலும் இரண்டு பில்டர் ஜோடியாகத் தொங்கும். முதலாவது துணி, இரண்டாவது பேப்பர். பட்டறைகளில் பெரியவர்கள் இன்றைக்கும் அதை மைக்கோ பில்டர் என்றே சொல்வார்கள், மைக்கோ கம்பெனி 2008இலேயே பாஷ் என்று பேர் மாறிவிட்டது, வாயில் மட்டும் மாறவில்லை. புது வண்டிகளில், பிஎஸ்-4, பிஎஸ்-6 என்கிற புகை விதிகளுக்கு வந்த காமன் ரெயில் இன்ஜின்களில், அதாவது எல்லா நாசிலுக்கும் ரெயில் என்கிற ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகிறவற்றில், சேஸிஸ் பக்கத்தில் தண்ணீர் பிரிக்கிற முதல் பில்டர் ஒன்றும் இன்ஜினை ஒட்டி இரண்டாவது பில்டர் ஒன்றும் தனித்தனியாக இருக்கும், இரண்டும் பெரும்பாலும் டின் மாதிரி மொத்தமாகத் திருகிக் கழற்றுகிற வகை. பிஎஸ்-6 நாடு முழுக்க 2020 ஏப்ரல் 1 முதல் வந்தது, அதற்கு மூன்று வருஷம் முன்னால் 2017 ஏப்ரலில் பிஎஸ்-4. ஆர்.சி. புத்தகத்தில் பார்த்தாலே உங்கள் வண்டி எந்தக் கணக்கில் வருகிறது என்று தெரிந்துவிடும். இது ஏன் முக்கியம் என்றால் பழைய வண்டியில் செய்கிற ஒரு வேலையைப் புது வண்டியில் செய்தால் ஆபத்து, கீழே வரும்.

பில்டர் வாங்கும்போது வண்டி பேரை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள், பழைய பில்டரின் மேல் இருக்கிற பார்ட் நம்பரைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். ஒரே மாடலில் வருஷம் மாறினால் மரை மாறும், ரப்பர் அளவு மாறும். போலி நிறைய வருகிறது. மேலே அட்டைப்பெட்டி அச்சு அசல் மாதிரியே இருக்கும், உள்ளே பேப்பர் மடிப்பு நெருக்கமில்லாமல், ஓரத்தில் பசை வழிந்து, கையில் எடுத்தால் காற்றாக இருக்கும். இரண்டாவது பில்டர் பிடிக்க வேண்டிய தூசி சில மைக்ரான் அளவு (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்), நம் தலைமுடியே சுமார் 70 மைக்ரான் தடிமன். அப்படியானால் மடிப்பில் சின்ன விரிசல் இருந்தாலும் பில்டர் போட்டும் போடாத கணக்குதான். பில்டரில் மிச்சம் பிடிக்கிற நூறு இருநூறு ரூபாயைப் பம்பு வேலைக்காரரிடம் ஆயிரக்கணக்கில் கட்டுவோம். கூடவே ரப்பர் வளையங்கள், டீசல் பைப்பைப் பில்டர் தலையோடு சேர்க்கிற பேஞ்சோ போல்டுக்குச் செம்பு வாசர் இரண்டு மூன்று வாங்கிக்கொள்ளுங்கள். அவசரத்துக்குப் பழைய செம்பு வாசரையே அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மெத்தென்று ஆகிவிடும், பழைய மெக்கானிக்குகள் எல்லாருக்கும் தெரிந்த வித்தை இது.

வேலை செய்கிற இடம் களமாக இருக்கக் கூடாது, செம்மண் ரோடு ஓரமும் வேண்டாம். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்குக் கட்டை வைத்து, இன்ஜின் ஆறுகிற வரை ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். சாவியை எடுத்துவிடுங்கள், பேட்டரி கட்டாஃப் இருந்தால் அதையும். பீடி சிகரெட் பக்கத்தில் வேண்டாம். பெட்ரோல் மாதிரி உடனே பற்றாதுதான், ஆனால் சூடான சைலன்சர் மேல் வழிந்தால் பற்றும். பில்டருக்கு நேர் கீழே செல்ப் மோட்டாரோ ஆல்டர்னேட்டரோ இருந்தால் பாலித்தீன் பை ஒன்றைக் கிழித்துப் போர்த்திவிடுங்கள். அப்புறம் ஒரு விஷயம், நிறைய பேர் விட்டுவிடுவது: கழற்றுவதற்கு முன்னாலேயே பில்டர் தலையையும் சுற்றுப்புறத்தையும் பிரஷ் போட்டு டீசலில் கழுவித் துடைத்துவிட வேண்டும். வெளியே ஒட்டியிருக்கிற மண் கழற்றும்போது உள்ளே விழுந்தால், அது விழுகிற இடம் பில்டரைத் தாண்டின பக்கம், நேராகப் பம்புக்குத்தான் போகும். துடைக்க நூல் பிரிகிற வேஸ்ட் வேண்டாம், நூல் ஒன்று போய் வால்வில் உட்கார்ந்தால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. துவைத்த பழைய பனியன் துணி போதும்.

முதலில் வடிக்க வேண்டும். முதல் பில்டருக்கு அடியில் டிரெயின் காக் இருக்கும், அதற்குக் கீழே கண்ணாடி மாதிரி தெரிகிற பாட்டில் ஒன்றைப் பிடித்துத் திருகுங்கள். பழைய தண்ணீர் பாட்டிலை வெட்டி வைத்துக்கொண்டால் போதும், பிளாஸ்டிக் வாளியில் வடித்தால் எதுவும் தெரியாது. வடிந்ததைப் பத்து நிமிஷம் அசைக்காமல் வைத்துப் பாருங்கள், டேங்கின் ஜாதகமே அதில் இருக்கிறது. அடியில் தெளிவாக ஒரு அடுக்கு தனியாகப் பிரிந்து நின்றால் தண்ணீர். மொத்தமும் மோர் மாதிரி கலங்கி இருந்தால் தண்ணீர் டீசலோடு கலந்து ஓடுகிறது, இது கொஞ்சம் மோசம். செந்தூளாக அடியில் படிந்தால் டேங்க் உள்ளே துரு. கறுப்புப் பாசி மிதந்தால் முன்னால் சொன்ன சமாசாரம், பில்டர் மட்டும் மாற்றிப் பயனில்லை, டேங்கைக் கழற்றிக் கழுவித்தான் ஆக வேண்டும். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியபோது மழைத் தண்ணீரில் நின்ற வண்டி ஒன்றைப் பின்னால் வாங்கி டேங்க் பிளக்கைக் கழற்றினோம், முதலில் கொட்டினது டீசலே இல்லை, சேறு கலந்த தண்ணீர். அதற்கு மேல் பில்டரைப் பற்றி என்ன பேசுவது.

இனி கழற்றலாம். டேங்கிலிருந்து வருகிற வழியில் அடைப்பு வால்வு இருந்தால் மூடுங்கள், இல்லாவிட்டால் டேங்க் நிறைய இருக்கிற நேரத்தில் தானாகவே வழிந்துகொண்டிருக்கும். பழைய வண்டிகளின் கப் வகையில், அதாவது கப்புக்குள் பில்டரை வைத்து மூடுகிற வகையில், தலைக்கு மேலே நடு போல்ட் ஒன்று இருக்கும், அதைத் தளர்த்தும்போது அடியில் ஒரு கையால் கப்பைத் தாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் டீசலும் ஸ்பிரிங்கும் வாசரும் சேர்ந்து சட்டையில் விழும். எது மேலே இருந்தது எது கீழே இருந்தது என்று போனில் படம் எடுத்துவிடுங்கள். ஸ்பிரிங்கைத் தலைகீழாகப் போட்டுவிட்டுப் பம்பு கெட்டுவிட்டது என்று வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். டின் வகைக்குப் பெல்ட் ஸ்பேனர் நல்லது. அது இல்லாத ஊரில் பழைய டியூப் துண்டை இறுக்கிச் சுற்றித் திருகினாலும் வரும். ஸ்க்ரூடிரைவரை ஒருபக்கம் குத்தி மறுபக்கம் எடுத்துத் திருகுகிற பழக்கம் இருக்கிறதே, தகரம் கிழிந்து, மரைக்குப் பக்கத்தில் இருக்கிற வளையம் மட்டும் தலையில் மிஞ்சிவிடும், அதை எடுக்க உளி தேடுவதற்குள் சாயங்காலமாகிவிடும்.

கழற்றினவுடன் பழைய ரப்பர் வளையம் பில்டரோடு வந்ததா என்று பாருங்கள். கண்ணால் மட்டும் பார்க்காமல் தலையின் பள்ளத்தில் விரலை விட்டு ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். பழையது தலையிலேயே ஒட்டிக்கொண்டிருந்து அதன் மேல் புதியதை வைத்து இறுக்கினால் இறுகின மாதிரியேதான் இருக்கும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் நானே அந்தக் கூத்தை நடத்தியிருக்கிறேன். கொள்முதல் நிலையத்தில் இரவு வரிசையில் நிற்கும்போது சும்மா இருக்கிற நேரம்தானே என்று டார்ச் வெளிச்சத்தில் பில்டரை மாற்றினேன். பழைய வளையம் அங்கேயே இருந்தது, நான் கவனிக்கவில்லை. வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது, மறுநாள் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பியும் விட்டோம். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றபோது ஆஃப் ஆனது, கேட் திறந்ததும் செல்ப் அடிக்கிறேன், அடிக்கிறேன், பிடிக்கவே இல்லை. பின்னால் பஸ், அதற்குப் பின்னால் இன்னும் நாலு பஸ், எல்லாருடைய ஹாரனும் என் முதுகில்தான். இரண்டு வளையத்துக்கு நடுவே மெல்லக் காற்று இழுத்திருக்கிறது, வெளியே ஒரு சொட்டு டீசல் ஈரம்கூட இல்லை. கிளீனர் தம்பி கேட் ஓரத்திலேயே கழற்றி, பழைய வளையத்தை எடுத்து என் கையில் கொடுத்தான், ஒன்றும் சொல்லவில்லை.

போடும்போது புது வளையத்தில் சுத்தமான டீசலோ இன்ஜின் ஆயிலோ விரலால் லேசாகத் தடவுங்கள், கிரீஸ் வேண்டாம். டின் வகையில் வளையம் தலையைத் தொட்டதிலிருந்து கையாலேயே அரை முதல் முக்கால் சுற்று, பில்டர் மேலேயே எழுதியிருக்கும், அதன்படி செய்யுங்கள். ஸ்பேனர் போட்டு இறுக்கினால் ஒழுகாது என்று நினைப்பதுதான் தப்பு, வளையம் நசுங்கிப் பிதுங்கி அங்கேயே ஒழுகும். கப் வகையில் கப்பின் அடியில் படிந்திருக்கிற சேற்றைச் சுத்தமான டீசலில் கழுவி, துணியை முதலாவதிலும் பேப்பரை இரண்டாவதிலும் போடுங்கள், இடம் மாற்றாதீர்கள். துணி பில்டரைக் கழுவிப் போடுகிற வழக்கம் உண்டு, அவசரத்துக்குச் சரி. பேப்பரைக் கழுவவோ கம்ப்ரஸர் காற்றடித்துத் தூசி தட்டவோ கூடாது, காற்று போகிற வேகத்தில் பேப்பரின் துளைகள் பெரிதாகிவிடும், பார்வைக்கு மட்டும் சுத்தமாகத் தெரியும். மரை எதிலும் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள், இழை பிரிந்து உள்ளே போனால் அதுவும் நூல் கதைதான்.

புதுப் பில்டரில் டீசலை ஊற்றி நிரப்பிப் போட்டால் ஏர் எடுக்கிற வேலை, அதாவது உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றுகிற வேலை, குறையும் என்று எல்லாருமே செய்வோம். முதல் பில்டருக்குச் செய்யுங்கள், தப்பில்லை, அதிலும் நடுத் துளையில் ஊற்றாமல் ஓரத்துச் சின்னத் துளைகள் வழியாக ஊற்றுங்கள், ஏனென்றால் பெரும்பாலான டின் பில்டர்களில் ஓரத் துளை அழுக்குப் பக்கம், நடுத் துளை வடிகட்டின பக்கம். இரண்டாவது பில்டருக்கு வேண்டாம். காமன் ரெயில் வண்டியில் கண்டிப்பாக வேண்டாம், கேனில் இருக்கிற டீசல் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அது வடிகட்டாத டீசல், பம்பு அடித்து நிரப்புகிற நேரத்தை மிச்சம் பிடிக்க இன்ஜெக்டரைப் பணயம் வைக்கிற கணக்கு அது.

இனி ஏர் எடுப்பது. பில்டர் மாற்றுவது கால் மணி நேர வேலை, அதற்குப் பிறகு வண்டி கிளம்பாமல் மெக்கானிக்குக்குப் போன் போடுவதெல்லாம் இதில்தான். டீசல் நசுங்காது, காற்று நசுங்கும். பம்பு அழுத்துகிற வலுவை உள்ளே இருக்கிற காற்று ஸ்பிரிங் மாதிரி வாங்கிக்கொள்வதால் நாசிலைத் திறக்க வேண்டிய அழுத்தம் ஏறவே ஏறாது. அதனால்தான் டேங்க் நிறைய டீசல் இருந்தும் வண்டி செத்த மாதிரி நிற்கிறது.

பழைய வகை வண்டியில், டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தருகிற பீட் பம்புக்கு மேலேயே கையால் அடிக்கிற குமிழ் இருக்கும். அதை இடப்பக்கம் திருகித் தளர்த்தினால் மேலே எழும்பி வரும், மேலும் கீழுமாக அடிக்கலாம். இரண்டு ஆள் இருந்தால் சுலபம், ஒருவர் அடிக்க, இன்னொருவர் ஏர் ஸ்க்ரூவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பில்டர் தலையில் ஏர் ஸ்க்ரூ இருக்கும், டேங்க் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, பீட் பம்புக்குப் பிறகு முதலில் வருகிற பில்டரின் ஸ்க்ரூவை ஒன்றிரண்டு சுற்று தளர்த்தி அடியுங்கள். முதலில் ஒன்றும் வராது, அப்புறம் நுரை நுரையாகப் பொங்கும், அப்புறம் குமிழியும் டீசலும் மாறி மாறித் துப்பும், கடைசியில் குமிழியே இல்லாமல் கம்பி மாதிரி வழியும். அந்தக் கம்பி வந்த பிறகும் ஐந்தாறு அடி கூடுதலாக அடித்துவிட்டு, குமிழை அழுத்திப் பிடித்தபடியே ஸ்க்ரூவை இறுக்குங்கள். குமிழ் மேலே வருகிற நேரத்தில் இறுக்கினால் அதுவே வெளியிலிருந்து ஒரு வாய் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு அடுத்த பில்டர் இருந்தால் அதையும், அதே மாதிரி. அதற்கும் பிறகு எஃப்.ஐ. பம்பின் பக்கத்தில் இருக்கிற ஏர் ஸ்க்ரூ. வரிசை மாறினால் பின்னால் இருக்கிற காற்று முன்னால் வந்து, எடுத்த இடத்திலேயே மறுபடி எடுத்துக்கொண்டிருப்போம்.

எல்லாம் முடிந்ததும் குமிழை அழுத்தி வலப்பக்கம் திருகிப் பூட்ட மறக்காதீர்கள். பூட்டாமல் விட்ட குமிழ் ஓட்டத்தில் தளர்ந்து அங்கிருந்தே காற்று இழுக்கும். எத்தனை அடித்தும் குமிழி நிற்கவில்லை, கை ஓய்ந்துவிட்டது என்றால் அடிப்பதை நிறுத்துங்கள். காற்று உள்ளே இருந்தது இல்லை, எங்கிருந்தோ புதிதாக வந்துகொண்டிருக்கிறது.

இப்போது செல்ப். ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து வினாடிக்கு மேல் வேண்டாம், நடுவே ஒரு நிமிஷமாவது விடுங்கள், இல்லையென்றால் பில்டர் மாற்றப் போய் செல்ப் மோட்டார் சுருள் கருகி அது தனிச் செலவாகிவிடும். மூன்று தடவை அடித்தும் பிடிக்காத பழைய வண்டியில் நாசில் பக்கத்து பைப் நட்டுகளில் இரண்டை மட்டும் அரைச் சுற்று தளர்த்தி, ஒருவர் செல்ப் அடிக்க, அங்கே டீசல் துப்ப ஆரம்பித்ததும் இறுக்கினால் பெரும்பாலும் பிடித்துவிடும். கையை நேராகக் காட்டாதீர்கள், முகத்தைத் தள்ளியே வையுங்கள்.

இந்தக் கடைசி வேலையைத்தான் காமன் ரெயில் வண்டியில் செய்யவே கூடாது. அதில் ரெயிலுக்குள் 1,600 பாருக்கும் மேல் அழுத்தம் இருக்கும். லாரி டயரில் 110 பவுண்டு காற்று அடிக்கிறோமே, அதைப் போல இருநூறு மடங்கு. நட்டைத் தளர்த்தினால் வருகிற டீசல் கண்ணுக்குத் தெரியாத ஊசி மாதிரி தோலைத் துளைத்து உள்ளே போகும், முதலில் சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட இருக்காது, ஆனால் சில மணி நேரத்தில் கை வீங்கி விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். அப்படி எப்போதாவது பட்டால் மஞ்சள் பத்து போட்டுக்கொண்டு உட்காராமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், அழுத்தத்தில் டீசல் உள்ளே ஏறிவிட்டது என்று தெளிவாகச் சொல்லுங்கள். இந்த வண்டிகளில் ஏர் எடுப்பதெல்லாம் தாழ்ந்த அழுத்தப் பக்கம் மட்டும்தான். முதல் பில்டர் தலையில் கை பம்பு இருந்தால் கெட்டியாகிற வரை அடியுங்கள். மின்சார பம்பு வைத்த வண்டியில் சாவியை ஆன் செய்து அரை நிமிஷம் விட்டு ஆஃப் செய்து, இதையே மூன்று நாலு தடவை செய்தால் அதுவே நிரப்பிக்கொள்ளும். உங்கள் மாடலில் எது என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். பில்டரில் தண்ணீர் சேர்ந்தால் டாஷ்போர்டில் விளக்கு எரியவைக்கிற தண்ணீர் சென்சார் ஒயரைக் கழற்றினதை மறுபடி மாட்டினீர்களா என்றும் பாருங்கள், அந்த விளக்கு எரியாமல் இருப்பது டீசல் நன்றாக இருப்பதால்தானா, ஒயர் தொங்குவதாலா என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது.

பிடித்ததும் உடனே உறுமவிடாமல் ஐந்து நிமிஷம் ஐடிலிங்கில் விடுங்கள், பிறகு லேசாக ஏற்றி இறக்குங்கள். எல்லா ஜாயின்டையும் உலரத் துடைத்துவிட்டுச் செய்தித்தாள் துண்டை ஒட்டிப் பாருங்கள், கசிந்தால் தாள் உடனே காட்டிக்கொடுக்கும். ஆனால் தாளுக்குத் தெரியாத கசிவும் உண்டு, நீடாமங்கலத்தில் என்னைக் கவிழ்த்தது அதுதான். டேங்கிலிருந்து பீட் பம்பு வரை இருக்கிற வழி முழுக்க உறிஞ்சுகிற பக்கம், அதில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். என் வண்டியில் முதல் பில்டர் அந்தப் பக்கம்தான். பீட் பம்புக்குப் பிறகு தள்ளுகிற பக்கம், அங்கே ஓட்டை இருந்தால் ஈரம் தெரியும். அதனால் காற்று இழுக்கிறது, ஆனால் எங்கேயும் ஈரமில்லை என்றால் டேங்க் பக்கம் தேடுங்கள். பீட் பம்புக்கு முன்னால் அரை அடி ஒளி ஊடுருவுகிற டீசல் ஹோஸை மாட்டி இன்ஜினை ஓடவிட்டால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். வெடித்த ரப்பர் ஹோஸ், தளர்ந்த கிளிப், டேங்குக்குள் இருக்கிற குழாயில் துருப் பிடித்த ஓட்டை, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். டேங்க் குழாயில் ஓட்டை என்றால் ஒரு விசித்திரம் நடக்கும், டேங்க் நிறைய இருக்கிற வரை வண்டி நன்றாக ஓடும், ஓட்டைக்குக் கீழே டீசல் இறங்கினதும் காற்று இழுக்க ஆரம்பிக்கும். பாதி டேங்குக்கு மேல் ஒரு வண்டி, கீழே ஒரு வண்டி என்று ஒரு மாதம் குழம்பியிருக்கிறேன்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை என்றால் புத்தகத்தில் போட்டிருக்கிறதைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஆனால் கேன் டீசலும் களத்து ஓட்டமுமாக இருக்கிற வண்டிக்கு அதற்கு முன்னாலேயே மாற்றிவிடுவேன், குறுவைக்கு முன்னால் ஒன்று, சம்பா லோடு தொடங்குவதற்கு முன்னால் ஒன்று. மாற்றின தேதியையும் கிலோமீட்டரையும் பில்டர் மேலேயே பெயின்ட் பேனாவால் எழுதுங்கள், டைரியில் எழுதினால் டைரி தொலைந்துவிடும். காலையில் கிளம்புவதற்கு முன்னால் டிரெயின் காக்கைத் திறந்து கொஞ்சம் வடிப்பது மழைக்காலம் முழுக்க தினமும், மற்ற நாளில் வாரம் ஒரு தடவை. ராத்திரி நிறுத்தும்போது முடிந்தவரை டேங்கை நிரப்பி நிறுத்துங்கள், டீசல் இருக்கிற இடத்தில் ஈரக்காற்றுக்கு இடமில்லை. பங்கில் டேங்கர் லாரி அப்போதுதான் இறக்கிக்கொண்டிருந்தால் அடுத்த பங்குக்குப் போய்விடுங்கள், தரைக்கு அடியில் இருக்கிற தொட்டியில் படிந்ததெல்லாம் கலங்கியிருக்கும். கேனில் ஊற்றும்போது புனலில் மெல்லிய வலை ஒன்று, கேனின் அடியில் கடைசி அரை லிட்டரை ஊற்றாமல் நிறுத்திக்கொள்வது, இது இரண்டும் சல்லிக் காசு செலவில்லாதது.

வடித்த டீசலையும் பழைய பில்டரையும் வாய்க்காலில் வீசுகிறவர்களை இன்னும் பார்க்கிறேன். கொஞ்சம் டீசல் போதும், வாய்க்கால் தண்ணீர் மேல் படலமாகப் பரவி மடை வழியாக யாருடைய நாற்றங்காலுக்கோ போய்ச் சேரும். ஒரு கேனில் சேர்த்து வைத்தால் பழைய ஆயில் எடுக்கிறவர் வந்து வாங்கிக்கொண்டு போவார், பில்டரைத் தலைகீழாக ஒரு ராத்திரி வடியவிட்டுப் பழைய இரும்புக் கடைக்குப் போடலாம்.

கேபினில் சீட்டுக்கு அடியில் ஒரு செட் பில்டர், இரண்டு ரப்பர் வளையம், நாலு செம்பு வாசர், பெல்ட் ஸ்பேனர், ஒரு பனியன் துணி, எல்லாவற்றையும் பாலித்தீனில் கட்டிப் போட்டு வையுங்கள். பில்டரின் அட்டைப்பெட்டியைப் பிரிக்காமல் வையுங்கள், பிரித்து வைத்த பேப்பர் பில்டர் கேபினில் கிடக்கிற சுணையை மாட்டுவதற்கு முன்னாலேயே வடிகட்ட ஆரம்பித்துவிடும்.